பண்டாரவளை – அப்புத்தளை வீதியோர ஓவியக்கூடம்: படமும் பார்க்கலாம், தேத்தண்ணியும் குடிக்கலாம்

மலையகத்தில் ஓர் ஓவியக்கூடத்துக்குள் போனால் படத்தைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள். அடியில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறதா, மூலைகளில் கறுப்புப் படை ஏறியிருக்கிறதா, கதவைத் திறந்ததும் புழுங்கல் வாடை அடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அங்கே காகிதத்தில் செய்த எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் வீதியில், பழைய தோட்ட உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் ஒன்றைத் திருத்தி நடத்தும் இந்தச் சின்னக் கூடம் அந்தச் சோதனையில் தேறுகிறது. மூன்று அறை, பின்விறாந்தையில் கோப்பிக்கடை, முற்றத்தில் ஒரு கொட்டில். இடம் சின்னதுதான். ஆனால் காகித வேலைகளை இவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கும் இடம் மலைநாட்டில் அரிது. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

பண்டாரவளை பஸ் நிலையத்தில் அப்புத்தளை பஸ் எது வந்தாலும் ஏறலாம். வீதியோரப் பெயர்ப்பலகை கண்ணில் படாது. தேயிலைக்குள் இறங்கும் கற்படிகளின் தலைப்பில் வெள்ளையடித்த பாற்கேன் ஒன்று நிற்கும், அதுதான் அடையாளம். படிகள் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், மழை நாளில் பாசி வழுக்கும். முழங்கால் நோவுள்ளவர்கள் ஓட்டோ பிடித்து மேற்பாதையால் சுற்றி வந்தால் முற்றத்திலேயே இறங்கலாம். சக்கர நாற்காலியும் முற்றம் வரை வரும். ஆனால் உள்ளே போக இரண்டு படி இருக்கிறது, சாய்தளம் இல்லை. நான்கைந்து மூட்டை சீமெந்தில் முடியும் வேலையைச் செய்யாமல் விட்டிருப்பது பெரிய குறை.

காலை 9.30 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும். திங்கட்கிழமையும் போயா தினமும் பூட்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. முற்பகலில் போங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை ஊவாப் பக்கத்தில் மழைக்காலம். பிற்பகலில் இடிமுழக்கத்தோடு இருட்டிக்கொண்டு வந்தால் வெளிச்சமும் போகும், படியில் ஏறுவதும் கஷ்டம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தார் வைகாசி மழையை மனதில் வைத்து இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவதுண்டு. தேவையில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் இந்தச் சரிவில் காய்ந்த கச்சான் காற்றுத்தான் வீசும். படம் பார்க்கவும் வாங்கவும் அதைவிட நல்ல காலம் இல்லை.

வாசலில் குடை வைக்க ஒரு தகரப்பீப்பா, நனைந்த மழைக்கோட்டுக்கு வெளியே கொக்கி. இதை மரியாதைக்காக வைத்த ஏற்பாடு என்று எண்ணி, குடையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் நனைந்த குடையோடு ஒரு சின்ன அறைக்குள் நின்றால் அறையின் ஈரப்பதம் ஏறிவிடும். காகிதத்துக்கு நூற்றுக்கு 45 முதல் 55 வரை ஈரப்பதம் நல்லது. 65ஐத் தாண்டி நாட்கணக்காக நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். காகிதம் மை ஊறாமலிருக்க அதில் பூசியிருக்கும் மாப்பசையும் வஜ்ஜிரமும்தான் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. முதலில் பழுப்புப் புள்ளி விழும், பிறகு அந்த இடம் பொருபொருத்துப் போகும். விழுந்த புள்ளியைப் படத்துக்குச் சேதமில்லாமல் எடுப்பது எளிதல்ல. மூன்று அறையிலும் ஈரமானி மாட்டியிருக்கிறார்கள். காலையும் மாலையும் அளவைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளில் குறிக்கிறார்கள். அந்தத் தாளை யாரும் புரட்டிப் பார்க்கலாம். கார்த்திகையில் சில நாள் 68 வரை போனதையும் மறைக்காமல் எழுதி, எதிரே “மெஷின் போட்டது” என்று குறித்திருக்கிறார்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. அதை மழைக்காலத்தில் அறைக்கு அறை மாற்றுகிறார்கள். இரண்டாவது ஒன்று வாங்குவது அவசியம்.

சுவர் வேலைதான் இந்தக் கூடத்தின் உண்மையான கெட்டித்தனம். குவாட்டர்ஸ் கருங்கல்லால் கட்டியது. கருங்கல் இரவில் குளிரும். காலையில் கதவு திறந்ததும் உள்ளே வரும் ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கும். படம் சுவரோடு ஒட்டித் தொங்கினால் அந்த வியர்வை பிரேமின் முதுகுக்குள் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு வருடம் கழித்துக் கழற்றினால் பின்மட்டை முழுவதும் கறுத்திருக்கும். இங்கே வெளிச்சுவர்களில் ஒரு படமும் இல்லை. கல்லுக்கு நான்கு அங்குலம் முன்னால் பலகைச் சுவர் எழுப்பி, அடியிலும் மேலும் இடைவெளி விட்டிருக்கிறார்கள். பின்னால் காற்று ஓடுகிறது. அந்தப் பலகைச் சுவரிலும் ஒவ்வொரு பிரேமின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்ய ஐந்து ரூபாய்ச் செலவுகூட ஆகாத காரியம். மலையகத்தில் படம் மாட்டுகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

வெளிச்சமும் அளவாக இருக்கிறது. நீர்வண்ணம், அச்சு, துணிவேலை இருக்கும் முதல் இரண்டு அறைகளும் உள்ளே போனதும் கொஞ்சம் இருட்டாகத் தோன்றும். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்கள் கைக்கொள்ளும் அளவு, அதற்குள்தான் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது அறையில்தான் பிழை. மேற்குப் பார்த்த யன்னலுக்குத் திரை இல்லை. பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே விழுகிறது. அது விழும் இடத்தில் மஞ்சள் சாயமேற்றிய ஒரு துணிவேலையை மாட்டியிருக்கிறார்கள். கறி மஞ்சளின் சாயம் வெயிலுக்குக் கொஞ்சமும் நிற்காது. சில வாரம் பட்டாலே வெளிறும். துணியின் மடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் நல்ல மஞ்சள், வெளியே வைக்கோல் நிறம். கலைஞர் வேண்டுமென்றே வெளிறவிட்டதாகக் குறிப்பு எதுவும் இல்லை. திரை போடும் வரை அதை வேறு அறைக்கு மாற்ற வேண்டும்.

இனி படங்கள்.

மலைநாட்டில் சுற்றுலாப் பயணிக்கு விற்கும் ஓவியக் கடைகளில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: பச்சைச் சரிவு, முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. இங்கே அந்த வகை ஒன்றுகூட இல்லை என்பதே பெரிய ஆறுதல். தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்து வரைந்தவை குறைவு. தோட்டத்துக்குள் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவிலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படித்துவிட்டுத் திரும்பிய இளையவர்களின் வேலைதான் கூடுதல். இலங்கை ஓவிய வரலாற்றில் மலைநாடு என்றால் நெடுங்காலம் கண்டிதான்: தெகல்தொருவை விகாரையின் சுவரோவியங்கள், அதற்குப் பின் 1901 இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற், 1943 இல் கொழும்பில் அவரும் சேர்ந்து தொடங்கிய ‘43 குழு என்ற நவீன ஓவியர் குழு. தோட்டத்து மக்கள் அந்த வரலாற்றில் வரையப்பட்டவர்களாக வந்தார்கள், வரைந்தவர்களாக வந்தது பிந்தித்தான். மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்துக்குப் பிறகு இந்த வேலைகளைப் பார்க்க வருபவர்களின் கேள்விகளே மாறியிருக்கின்றன; கூடத்தின் வருகைப் புத்தகத்தைப் புரட்டினால் அது தெரியும்.

முதல் அறையில் இடக்கைப் பக்கம் தொங்கும் லைனோ அச்சை (லினோலியத் தகட்டைச் செதுக்கி மை பூசி எடுப்பது) விட்டுவிடாதீர்கள். ஒரு பெண்ணின் இரண்டு கை மட்டும், முகமில்லை, கூடையில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். சுட்டுவிரலில் கிழிந்த சீலைத்துண்டு சுற்றியிருக்கிறது. கொழுந்துச் சாறு காற்றில் பட்டுக் கறுத்து, விரல் வெடிப்புக்குள் இறங்கி நிற்குமே, அதை இரண்டு கட்டையால் அச்சடித்திருக்கிறார்: முதலில் பழுப்பு, அதன்மேல் கறுப்பு. இரண்டு நிறமும் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி விழுந்திருக்கிறது. அச்சில் இது சாதாரணமாகப் பிழை. இங்கே அந்தத் தள்ளல் விரல் நடுங்குவதுபோல் தெரிகிறது. ஒரே தொகுதியின் மூன்று பிரதிகளை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தால் மூன்றிலும் தள்ளல் ஒரே அளவு, ஒரே பக்கம். அப்படியென்றால் கலைஞர் தெரிந்தே செய்தது.

முற்றத்துக் கொட்டிலில் இருப்பது தரையில் போட்ட வேலை. ஒரு லயத்து அறையின் அளவு, 10 அடிக்கு 12 அடி, கரியாலும் சுண்ணாம்பாலும் சீமெந்துத் தரையில் கோடாக இழுத்திருக்கிறது. அடுப்பு ஒரு மூலையில், பெட்டி ஒரு மூலையில், படுக்கிற பாய்கள் பக்கத்துக்குப் பக்கம், முன்னால் இஸ்தோப்பு. ஒவ்வொரு பாயிலும் யார் படுப்பது என்று எழுதியிருக்கிறது: ஆச்சி, அம்மா, அப்பா, அக்கா, தம்பி, பாப்பா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடக்கலாம். ஆறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நின்று அவரவர் பாயில் உட்காருங்கள் என்று கூடத்தார் சொல்வார்கள், சொன்னபடி செய்யுங்கள். உட்கார்ந்த பிறகு கதவுக்குப் போக வழி எது என்று பார்த்தால்தான் இந்த வேலை முழுமையாகும். கூடத்திலேயே சிறந்தது இதுதான். காலடி பட்டுக் கோடு அழிவதால் வெள்ளிக்கிழமைதோறும் திரும்ப இழுக்கிறார்கள். வியாழக்கிழமை போனால் பாதிதான் தெரியும். இது பிடித்துப்போனவர்கள் கம்பளைக்கு அருகே பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும். அங்கே உண்மையான அறையும் உண்மையான பொருட்களும் இருக்கின்றன.

தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பற்றிய இரண்டாவது அறையின் வரைபடங்கள் பரவாயில்லை. ரதி, மன்மதன் வேடங்களின் கோலம் நன்றாக வந்திருக்கிறது. தப்புப் பறை அடிப்பவர்களின் உடம்பில் வேகம் இல்லை.

தேயிலைச் சாயத்தில் வரைந்த படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருகிறவர்கள் அதிகம் கேட்டு வாங்குவது அவற்றைத்தான். மலையகக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் தேயிலையையே ஊடகமாக்கி வேலை செய்த பிறகு பலர் இதைக் கையிலெடுத்திருக்கிறார்கள். நிறம் அழகுதான், பொருளும் பொருத்தம்தான். ஆனால் தேயிலைச் சாயம் புளிப்புத்தன்மை உள்ளது. சாதாரண மரக்கூழ்க் காகிதத்தில் போட்டால் சில வருடத்தில் காகிதம் பழுத்து நொறுங்கத் தொடங்கும். இன்னொன்று, கறுப்பு நிறம் வரச் சிலர் சாயத்தில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போடுகிறார்கள். இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்தால் நல்ல கறுப்பு மை கிடைக்கும், ஆனால் அந்த மை காகிதத்தையே அரிக்கும். தடிப்பாகப் போட்ட கோட்டின் வழியே தாள் வெடிப்பதும் உண்டு. ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள்: காகிதம் பருத்திக் காகிதமா, சதுர மீற்றருக்கு 300 கிராம் தடிப்பு இருக்கிறதா, சாயத்தில் இரும்பு சேர்த்ததா? இந்தக் கூடம் ஒவ்வொரு தேயிலைப் படத்தின் பின்னாலும் இந்த மூன்றையும் எழுதி ஒட்டியிருக்கிறது. இரும்பு சேர்த்தவற்றை விலை குறைத்து, இது நெடுநாள் நிற்காது என்று சொல்லியே விற்கிறார்கள். விற்பவர் வாயால் இதைக் கேட்பது அபூர்வம்.

படக் குறிப்புகள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. ஆனால் தமிழ் எழுத்து மற்ற இரண்டையும்விடச் சின்னது. அந்த மங்கிய வெளிச்சத்தில் வயதானவர்களால் வாசிக்க முடியாது. விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும். சுவரில் இருப்பது தோட்டத்து வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்குச் சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது விலையைப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

விலை இப்படி: அஞ்சலட்டை 150 ரூபாய், சின்ன லைனோ அச்சு 6,500 முதல் 18,000 வரை, கரி வரைபடங்கள் 25,000க்கு மேல். விற்ற விலையில் 60 வீதம் கலைஞருக்கு என்று காசு மேசைக்கு மேலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் கூடங்கள் 30 முதல் 50 வீதம் வரை எடுப்பது வழக்கம். 40 நியாயமானதுதான், பிரேம் செலவையும் கூடமே ஏற்பதால்.

அச்சு வாங்குகிறவர்கள் கையெழுத்தும் எண்ணும் பென்சிலில் இருக்கிறதா என்று பாருங்கள். 7/25 என்றால் 25 பிரதியில் ஏழாவது. பென்சில் காகிதத்தில் பள்ளம் விழுத்தும், சாய்த்துப் பார்த்தால் தெரியும். கணினி அச்சில் அது தட்டையாக இருக்கும். பிறகு தாளைத் திருப்புங்கள். கரண்டியால் தேய்த்து எடுத்த கையச்சின் முதுகில் தேய்த்த பளபளப்பு வட்டம் வட்டமாகத் தெரியும். பிரேமில் போட்ட படமென்றால் மூன்று விடயம்: கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் என்ற மட்டைச் சட்டம் இருக்க வேண்டும், தொட்டால் ஈர நாளில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தாளின் நான்கு பக்கமும் ஒட்டியிருக்கக் கூடாது, மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தால் தொங்கவிட்டிருக்க வேண்டும். தாள் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் அலையலையாகப் புடைக்கும். மூன்றாவது, பின்மட்டை ஹாட்போர்ட்டாக இருக்கக் கூடாது, அது புளித்துத் தாளைப் பழுப்பாக்கும். இங்கே நெளி பிளாஸ்டிக் தட்டுப் போடுகிறார்கள். செலோடேப் எங்கேயும் கண்ணில் படவில்லை. தொங்கவிடும் பட்டிக்குக் கோதுமைப் பசை பூசுவது மட்டும் யோசிக்க வேண்டியது. நல்ல பசைதான், வேண்டும்போது தண்ணீரில் கழற்றலாம். ஆனால் நம் ஊர் ஈரத்தில் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. மெதில் செலுலோஸ் பசைக்கு மாறினால் அந்தப் பயம் குறையும்.

சனிக்கிழமை காலையில் கொட்டிலில் லைனோ வகுப்பு உண்டு, பொருளோடு சேர்த்து 3,000 ரூபாய், எட்டுப் பேருக்குத்தான் இடம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மலைக் குளிரில் லைனோத் தகடு விறைத்துவிடும். விறைத்த தகட்டில் உளி திடீரென வழுக்கும், கை வெட்டுப்படுவது அப்போதுதான். தகட்டை முதலில் வெயிலில் கால்மணி நேரம் போட்டு இளக்கச் சொல்கிறார்கள், தகட்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் நின்று பார்க்கிறார்கள். இரண்டும் சரி. எண்ணெய் மையில் அச்சடிப்பதால் அன்றே கையில் கொண்டுபோக முடியாது. உலர்ந்த காலத்தில் இரண்டு நாளில் காயும் மை, மழைக்காலத்தில் ஐந்து நாளும் எடுக்கும். காய்ந்த பிறகு தபாலில் அனுப்புகிறார்கள்.

கோப்பிக்கடைக்குப் படம் பார்த்த பிறகு போங்கள். தட்டும் கோப்பையும் அறைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அது சரியான சட்டம்.

தேத்தண்ணி மிக நன்று. ஊவாத் தேயிலைக்கு ஆடி முதல் புரட்டாதி வரை பருவம். அந்தக் காய்ந்த காற்றில்தான் அதற்கு மெந்தோல் போன்ற குளிர்ச்சியான வாசம் ஏறுகிறது. பருவத் தேயிலையைத் தனி டப்பாவில் வைத்து, அரைத்த மாதத்தை ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் அதையே போடுவார்கள். 1,300 மீற்றர் உயரத்தில் தண்ணீர் சுமார் 96 பாகையிலேயே கொதிக்கும். இன்னும் ஆறவிட்டு ஊற்றினால் சாயம் இறங்காது, துவர்ப்பு மட்டும் நிற்கும். இங்கே கெண்டியை முதலில் வெந்நீரால் கழுவிச் சூடாக்கி, 200 மில்லிக்கு இரண்டரைக் கிராம் போட்டு, கொதி அடங்கும் முன் ஊற்றி, நான்கு நிமிடம் மூடி வைக்கிறார்கள். பிளேன்டீ 200 ரூபாய், கடிக்கக் கித்துள் கருப்பட்டி கூடவே வரும். இஞ்சி போட்டதும் உண்டு. பருவத் தேயிலைக்கு இஞ்சி வேண்டாம், வாசம் போய்விடும்.

கோப்பி அந்த அளவுக்கு இல்லை. நம் முன்னோர் இந்த மலைக்கு முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது வருடத்துக்குள் அந்தப் பயிரை அழித்த பிறகுதான் தேயிலை பரவியது. இதையெல்லாம் சுவரில் அழகாக எழுதி வைத்துவிட்டுக் கோப்பையில் குறை வைத்திருக்கிறார்கள். கொட்டை நல்லது, உள்ளூர் அரபிகா, வறுத்த திகதி பையில் இருக்கிறது, கோப்பைக்குக் கோப்பை அரைக்கிறார்கள். பிழை மெஷினைக் கையாள்வதில். குளிர்ந்த காலையில் மெஷினைப் போட்டுப் பத்து நிமிடத்தில் முதல் எஸ்பிரெசோ இறக்கிவிடுகிறார்கள். பித்தளைத் தலையும் கைப்பிடியும் சூடேற அரைமணி நேரம் வேண்டும். அதற்கு முன் இறக்கினால் கோப்பி புளிக்கும். பத்தரைக்குப் பிறகு கேளுங்கள், அல்லது முதலில் வெந்நீரை ஓடவிட்டு இறக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்வார்கள். பால் கோப்பி 650 ரூபாய்.

அதைவிடப் பெரிய கவலை, அந்த மெஷின் நிற்கும் இடம். மூன்றாவது அறையின் கதவுக்கு நேர் எதிரே. பால் நுரைக்கும் ஆவி, கூட்டமான நாளில் கதவு திறந்தே கிடப்பதால், நேராக அறைக்குள் போகிறது. ஈரமானித் தாளில் மூன்றாவது அறையின் ஞாயிற்றுக்கிழமை மாலை அளவுகளை மட்டும் பாருங்கள், மற்ற இரண்டு அறைகளையும்விட எப்போதும் நான்கைந்து கூடுதல். கல்லுக்கு முன்னால் பலகைச் சுவர் கட்டிய அதே ஆட்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பது வருத்தம். மெஷினை விறாந்தையின் மறுகோடிக்கு மாற்றினால் போதும். தண்ணீர்க் குழாயும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சாப்பாட்டில் ரொட்டியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டுத் தடிப்பாகத் தட்டிய தோட்டத்து ரொட்டி, தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் சுட்டது, கூடக் கட்டச்சம்பல். இரண்டு ரொட்டி 450 ரூபாய். சொன்ன பிறகுதான் தட்டுகிறார்கள், கால்மணி நேரமாகும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் படம் பார்க்கப் போகும்போதே சொல்லிவிடலாம். சம்பல் உறைப்பு அதிகம். பிள்ளைகளுக்குப் பருப்பு கேட்டால் தருவார்கள்.

வாங்கிய படத்தைக் கொண்டுபோவதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரேம் இல்லாத அச்சைச் சுருட்டலாம், ஆனால் குழாயின் வாய் 10 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. இறுக்கிச் சுருட்டினால் மை வெடிக்கும். கரி வரைபடத்தைச் சுருட்டவே கூடாது. அதை மெழுகுத்தன்மையுள்ள மெல்லிய தாளால் மூடி, இரண்டு தட்டை மட்டைக்கு நடுவில் வைத்துத்தான் தருவார்கள். கண்ணாடி போட்டதென்றால் கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டச் சொல்லுங்கள், உடைந்தாலும் துண்டுகள் படத்தைக் கீறாது. பஸ்ஸில் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுபோகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் அவசரப்பட்டுப் பொதியைப் பிரிக்க வேண்டாம். குளிர்ந்த கண்ணாடி கரையோரப் புழுக்கத்தில் உடனே வியர்க்கும், உள்பக்கமும் வியர்க்கும். ஒரு நாள் முழுவதும் பொதியோடு வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

மாட்டும் இடம்: சமையலறையோடு ஒட்டிய சுவர் வேண்டாம், மழை அடிக்கும் பக்கத்து வெளிச்சுவர் வேண்டாம், கற்பூரமும் விளக்கும் எரியும் சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். தகரக் கூரை வீடென்றால் கூரையிலிருந்து இரண்டடியாவது கீழே. படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வந்தால் நின்று பார்க்க வசதி. கீழ் மூலைகளுக்குத் தக்கைத் துண்டைக் கூடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு எடுப்பதில்லை. முதல் மழைக்காலம் முடிந்ததும் படத்தை இறக்கி முதுகைப் பாருங்கள். பின்மட்டையில் ஈரக்கறை தெரிந்தாலோ, கண்ணாடிக்குள் பழுப்புப் புள்ளி தெரிந்தாலோ, துடைக்கப் பார்க்காமல் அப்படியே கூடத்துக்குக் கொண்டுபோங்கள். இங்கே வாங்கிய படமென்றால் பிரேமைத் திறந்து, உலர்த்தி, பட்டியை மாற்றித் திரும்பப் பூட்டித் தர 1,500 ரூபாய் கூலி மட்டும் எடுக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் வேலை குவிவதால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டிவரும்.